வெள்ளையாய் விட்ட தண்ணீர்

தெரியாது என்று சொல்ல மிஸ் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்தவர்களிடம் ஒன்றைக் கேட்பதென்றால் எனக்கு நெஞ்சு இடிக்கும். ஏதோ ஒரு பதில் வரும், அது விளங்காது, விளங்கினது போலத் தலையை ஆட்ட வேண்டும். மிஸ்ஸிடம் அந்தக் கரைச்சல் இருக்கவில்லை.

"மிஸ், பின்னேரம் மழை வருமா?"

"தெரியா."

"இந்த எஞ்சின் இன்னும் எத்தின நாளைக்கு ஓடும்?"

"எனக்கு எஞ்சின் தெரியாண்ண."

"சமாதானம் நிக்குமா மிஸ்?"

அதற்கும் அதே சொல்தான், அதே குரல்தான். ஆட்களுக்குக் கோபம் வரும். எனக்கு என்னவோ அது ஆறுதலாக இருந்தது.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் எங்கேயாவது அவருக்கு ஒரு தொந்தரவு வந்துவிடுமோ என்று பயம். எங்கள் ஊரில் அவரைத் 'தண்ணி மிஸ்' என்றுதான் சொன்னார்கள். இங்கே அந்தப் பெயரே போதும்.

எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற மணல். வாவி என்பது புத்தகத்தில்தான். எங்களுக்கு அது ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம், சூரியன் எழும்புகிற பக்கம், எழுவான்கரை. அந்தப் பக்கம் வயலும் காடுமாய்க் கிடப்பது படுவான்கரை. சுனாமி அன்றைக்குக் கடல் எங்கள் ஊருக்கு மேலால் ஏறி ஆற்றுக்குள் விழுந்தது. கூரைத் தகடு, கதவு, கட்டில், சைக்கிள், வள்ளம் எல்லாவற்றையும் ஆற்றுக்குள் கொட்டிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு போட்ட வலையெல்லாம் கிழிந்துகொண்டு வந்தது. ஆற்றின் அடியைப் பார்த்துப் படம் செய்தால்தான் தொழில் செய்யலாம் என்று ஒரு திட்டம் வந்தது. அந்தத் திட்டத்தோடு மிஸ் வந்தார். அவருக்குத் தோணியும் ஓட்டியும் தேவைப்பட்டது. நான் போனேன்.

தொழிலுக்காகப் போனேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மை அது இல்லை. கடல் ஏறி வந்த காலையில் நான் ஆற்றில் வலை இழுத்துக்கொண்டு நின்றேன். என் மனைவி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றுப் பக்கமாக ஓடி வந்திருக்கிறாள். மகளுக்கு ஆறு வயது. தண்ணீர் இரண்டு பேரையும் ஆற்றுக்குள் எறிந்தது. மனைவி ஆற்றோரத்துச் சேற்றில் வளர்கிற ஒரு கண்ணா மரத்தின் வேரில் மாட்டிக் கிடந்தாள். மகள் இல்லை. ஊரில் எத்தனையோ பேரைக் கண்டெடுத்தார்கள், அவளைக் கண்டெடுக்கவில்லை. ஆற்றின் அடியைக் காட்டுகிற மெசின் வருகிறது என்றவுடன் அதை முதலில் பார்க்கிறவன் நானாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பார்த்துவிடுவேனோ என்றும் பயந்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

மிஸ்ஸுக்கு அப்போது முப்பது வயது இருக்கும், என்னை விட எட்டோ பத்தோ இளமை. கை நீண்ட ஆம்பிளைச் சட்டை ஒன்றைத் தன் உடுப்புக்கு மேல் போட்டிருப்பார். வெயிலில் கணினியின் திரை தெரியாது என்று ஒரு கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்து, திரையையும் அதற்குள் வைத்துக்கொள்வார். கரையில் நின்று பார்த்தால் தோணிக்குள் ஒரு கறுப்பு மூட்டை இருப்பது போலத் தெரியும். தோணிக்குப் பின்னால் கயிற்றில், முழங்கை நீளத்தில் ஒரு சாமான் தண்ணீருக்குள் வரும். அதை அவர் மீன் என்பார். எங்கள் பக்கத்து வீட்டு வளவுக் கட்டையன் இதை விடுவானா?

"என்ன மிஸ், முக்காட்டுக்குள்ள படமா பாக்கிற?"

"ஓம். உங்கட வலை கிழிஞ்ச இடந்தான் ஓடுது. வாங்க, காட்டுறன்."

"அந்த மீன் பாடுமா?"

"கத்தும். நமக்குக் கேக்காது. அடியில பட்டுத் திரும்பி வாற சத்தத்தத்தான் மெசின் படமாக்குது."

"எண்ட பொஞ்சாதி கத்திறதயும் படமாக்க ஏலுமா?"

"ஏலும். ஆனா ஆழம் கூடினா ஒண்டும் தெரியாது."

கரையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் கட்டையன் அன்றைக்கு வலையைப் பிழையாக மடித்தான். அடுத்த நாளும் விடவில்லை.

"மிஸ், அடியில தங்கம் கிங்கம் கிடந்தா முதல் எனக்குச் சொல்லுங்க."

"சேத்துக்கு மேல கிடந்தாச் சொல்றன். சேத்துக்குள்ள கிடக்கிறது இந்த மெசினுக்குத் தெரியா."

அந்தப் பேச்சை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

திரையில் எங்கள் தோணி ஒரு சின்னக் குறியாக நகரும். அது போன வழியெல்லாம் பின்னால், துணியை நீளமாகக் கிழித்த மாதிரி, ஒரு கீலம் நிறமாகும். திரும்பி வந்தால் பக்கத்தில் இன்னொரு கீலம். பாய் இழைப்பது போலத்தான். நிறைய இழைத்த பிறகு மிஸ் விரலால் அந்தப் படத்தைச் சரிப்பார். தண்ணீரை எடுத்துவிட்டு ஆற்றை மட்டும் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கும். மேடு, பள்ளம், வாய்க்கால் போல ஓடுகிற ஒரு கோடு. பிறந்ததிலிருந்து அதன் மேல் போய் வருகிறேன், அதன் முகத்தை அன்றைக்குத்தான் கண்டேன்.

முதல் நாளே எனக்கும் படத்துக்கும் சண்டை. கரையோரம் எல்லாம் சிவப்பாக வந்தது. நான் எஞ்சினை நிற்பாட்டிவிட்டேன்.

"என்னண்ண, ஏன் நிப்பாட்டின?"

"சிவப்பாக் கிடக்கு மிஸ். அங்கால போகக் கூடாது."

"சிவப்பு எண்டா ஆழமில்லாத இடம். முழங்கால் தண்ணி."

"மிஸ், சிவப்புப் பலகைக்கு அங்கால மிதிவெடி. இந்த ஊரில சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

மிஸ் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. திரும்பவும் உள்ளே போய் ஏதோ தட்டினார். கரையோரம் முழுவதும் இளநெல்லின் பச்சையாக மாறியிருந்தது.

"இந்த மெசின செஞ்சவங்க ஊரில மிதிவெடி இல்ல போல," என்றார். "இனிப் பச்சை எண்டா முழங்கால். நீலம் எண்டா ஆள் ஆழம். சரியாண்ண?"

"வெள்ளை?"

"வெள்ளை ஒரு நிறமில்ல. அது வெறும் கடதாசி. நாம இன்னும் போகாத இடம்."

அதுதான் மிஸ். எதையும் மாற்றுவார், அதை மாற்றமாட்டார். "பாக்காத இடத்துக்கு நிறமில்ல" என்பது ஒரு நாளைக்கு இரண்டு தரமாவது அவர் வாயிலிருந்து வரும். என்னை ஆற்றின் பழைய மீன்காரர்களிடம் கூட்டிப் போய், எந்த இடத்தில் சேறு, எந்த இடத்தில் மணல், எந்த இடத்தில் சிப்பி என்று கேட்டு எழுதுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான்: "நீங்க கண்டதா, கேட்டதா?" கேட்டது என்றால் கொப்பியில் வேறு பக்கம்.

என் பயத்தைப் பற்றியும் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆற்றில் போவதற்கு அனுமதிக் கடிதம் வேண்டும். அதைப் பொலித்தீனில் சுற்றி, இன்னொரு பொலித்தீனில் சுற்றி, மடிக்குள் வைத்திருப்பேன். ஆமிக் காவலரண் வருவதற்கு முன்பு நாலு தரம் தொட்டுப் பார்ப்பேன். எண்ணெய் போதுமா, கயிறு அறுந்துவிடுமா, மெசினைப் பார்த்து யாராவது பிழையாக நினைப்பார்களா. ஒரு நாள் மிஸ் சொன்னார்:

"அண்ண, உங்கட பயத்துக்கும் ஒரு படம் கீறலாம். ஒரு இடமும் வெள்ளையா இராது."

அவருக்கு வீடு படுவான்கரையில், வவுணதீவுக்கும் அங்கால். படிப்புக்காகச் சின்ன வயதிலேயே டவுனில் மாமி வீட்டுக்கு வந்தவர். தாயும் தம்பியும் அங்கேதான் இருந்தார்கள். தகப்பன் விட்டுப்போன வயல் வட்டையைத் தம்பிதான் செய்தான். எங்கள் கடிதம் செல்லுபடியாவது ஆற்றின் நடுவுக்குக் கொஞ்சம் அங்கால் வரை. அதற்கு மேல் மற்றப் பக்கத்தின், அதாவது இயக்கத்தின் ஆட்சி, மற்றப் பக்கத்தின் கடிதம் வேண்டும். மிஸ் இரண்டு பக்கத்துக்கும் எழுதினார், நடந்தார். மற்றக் கடிதம் வரவே இல்லை. அதனால் படத்தில் படுவான்கரை ஓரம் ஒரு நீண்ட கீலம் வெள்ளையாகவே கிடந்தது. அங்கே போனவுடன் தோணியைத் திருப்ப வேண்டும். திருப்புகிற ஒவ்வொரு தரமும் மிஸ் துணியை விலக்கி அந்தக் கரையைப் பார்ப்பார்.

"அந்தா தெரியுற மருத மரத்துக்குப் பின்னாலதான் எங்கட வட்டை. அவன் இப்ப வரம்பில நிப்பான்."

தம்பியைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் பகிடிதான். மிஸ்ஸின் சைக்கிளை ஒரு நாளைக்கென்று வாங்கிக்கொண்டு போனவன் வருசக் கணக்காகத் திருப்பித் தரவில்லையாம். அதன் பூட்டுக்கு இருந்த மற்றத் திறப்பு மிஸ்ஸின் பையில் கிடந்தது. "திறப்பு எண்ட கையில இரிக்கு. சைக்கிளும் எண்டதுதான்," என்பார்.

இனி நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மகள் போய் ஒரு வருசம் முடியப்போகிறது. கிரியை செய்யவில்லை. மனைவி செய்யவிடவில்லை. உடம்பு இல்லாமல் எப்படி என்று கேட்டாள். ஒவ்வொரு பின்னேரமும் ஆற்றங்கரைக்குப் போய்க் கணுக்கால் தண்ணீரில் நிற்பாள். கூப்பிடமாட்டாள், அழமாட்டாள், நிற்பாள், அவ்வளவுதான். சோற்றை ஒரு பிடி தனியே எடுத்து வைப்பாள். அவள் எலும்பும் தோலுமாகிக்கொண்டு போனாள். அடுத்தது இவள்தான் என்று எனக்குப் பயம் பிடித்தது. அவளுடைய தமக்கையும் மற்றவர்களும் வந்து பேசிப் பேசி, ஆண்டு முடிகிற நாளில் செய்வோம் என்று ஒருவாறு அவளைச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். "சரி, செய்ங்க," என்று அவள் சொன்ன அன்றைக்கு நான் கனநாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

கிரியைக்கு முதல் அந்த மெசினை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். கூட்டிப் போனேன். அவள் தண்ணீருக்குள் குதித்துவிடுவாளோ என்று பயந்து, தோணியின் நடுவில் இருத்தி, அவளுடைய சீலைத் தலைப்பை என் காலுக்குக் கீழ் மிதித்துக்கொண்டே எஞ்சினைப் பிடித்தேன். மிஸ் துணியை விரித்து அவளையும் உள்ளே எடுத்தார். இரண்டு பேரும் ஒரு துணிக்குள். எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது.

"இது கூரைத் தகடு அக்கா. இது ஆரோ ஒராளுட கட்டில்."

"இது?"

"தெரியா. இறங்கிப் பாக்கணும்."

நான் இறங்கினேன். தென்னங்குத்தி. மேலே வந்து சொன்னேன். பிறகு மனைவியின் குரல்:

"இந்த ஓரம் முழுக்க வெள்ளையாக் கிடக்கே மிஸ். வெள்ளை எண்டா செத்தவீடுதானே?"

எங்கள் ஊரில் ஒரு வீதியில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தால் கேட்கத் தேவையில்லை, அந்தக் கொடி போகிற வளவில் செத்தவீடு. அவள் அதைத்தான் கேட்டாள். ஓம் அக்கா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என் வீட்டில் அன்றைக்கே ஒன்று முடிந்திருக்கும்.

"இல்லக்கா," என்றார் மிஸ். "வெள்ளை எண்டா இன்னும் பாக்கல்ல."

மனைவி துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் முகத்தில் ஒரு வருசமாக இல்லாத ஒரு வெளிச்சம்.

"கேட்டீங்களா? அந்தப் பக்கம் இன்னும் பாக்கல்லயாம்," என்றாள்.

ஆண்டு முடிந்தது. கிரியை நடக்கவில்லை. ஐயருக்குச் சொல்லி, ஆட்களுக்குச் சொல்லி, எல்லோரிடமும் திரும்பிப் போய் வேண்டாம் என்று சொன்னேன். அவள் சோற்றுப் பிடியை எடுத்து வைத்துக்கொண்டு, பின்னேரம் ஆற்றில் நின்றுகொண்டு, இப்போது படுவான்கரைப் பக்கம் பார்த்தாள்.

நான் மிஸ்ஸோடு ஒரே ஒரு தரம் சண்டை பிடித்தேன். அது அப்போதுதான்.

"ஒரு சொல்லில எண்ட குடும்பத்த அந்தரத்தில விட்டுட்டீங்க மிஸ். எல்லாம் பாத்தாச்சு எண்டு சொன்னா என்ன குறைஞ்சு போகும்?"

"பொய் சொல்லட்டா அண்ண?"

"சொல்லுங்க."

அவர் கணினியைத் திறந்தார். "இஞ்ச பாருங்க. வெள்ளையெல்லாத்தயும் நிரப்பு எண்டா இது நிரப்பும். ஒரு தட்டுத்தான்." தட்டினார். அந்த நீண்ட வெள்ளைக் கீலத்துக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் நீலம் ஊறி வந்து, ஒன்றோடொன்று தொட்டு, மெழுகி விட்ட மாதிரி நிறைந்தது. எங்கள் ஆறு முழுதாக, ஓட்டை இல்லாமல், வடிவாக இருந்தது. எனக்கு மூச்சு இறங்கியது.

"இப்பிடியே விடுங்க மிஸ். இத அவளுக்குக் காட்டுவம்."

"இது பக்கத்துத் தண்ணியக் கேட்டுச் சொல்ற கதையண்ண. அந்த இடத்துக்கு இதைப்பற்றித் தெரியா." திரும்பவும் தட்டினார். வெள்ளை வந்துவிட்டது. "நாளைக்கு ஒராள் இத நம்பித் தோணி விட்டா?"

"இத நம்பிறது எண்ட பொஞ்சாதி மட்டுந்தான்."

"அதுக்காகத்தான் ஏலாது," என்றார். குரல் உடைந்திருந்தது. நான் அதைக் கவனிக்காதவன் மாதிரி எஞ்சின் கயிற்றை இழுத்தேன்.

அதற்குப் பிறகு நாட்டில் திரும்பவும் சண்டை வந்தது. ஆற்றில் தோணி விடத் தடை. மெசினைக் கொழும்புக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். படுவான்கரைச் சனம் சட்டி பானையோடு இந்தப் பக்கம் வந்து பள்ளிக்கூடங்களில் இருந்தது. மிஸ்ஸின் தாயும் வந்தார். தம்பி வரவில்லை. அவனை இயக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று தாய் சொன்னார். சைக்கிளோடு. வன்னியில் நிற்பதாக ஒரு தரம் ஒரு துண்டுக் கடிதம் வந்தது. அடுத்த துண்டு வரவில்லை.

சண்டை முடிந்த வருசம் மிஸ்ஸும் தாயும் தம்பியைத் தேடிப் போகாத இடமில்லை. ஒரு நாள் டவுனில் ஒரு அரசாங்கக் கந்தோர் வரிசையில் அவரைக் கண்டேன். வெயிலில் தாய் தள்ளாடிக்கொண்டு நின்றார். விட்டுவிட்டு வர மனமில்லாமல் நானும் கூட நின்றேன். அவர்களுடைய முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிசன்தான், களைத்திருந்தார்.

"மிஸ், படிவத்தில இந்த இடம் வெறுமையாக் கிடக்கு. இறந்தவரா, காணாமல் போனவரா? ஒண்டைப் போடுங்க."

"எனக்குத் தெரியா."

"தெரியாட்டியும் ஒண்டு போடத்தான் வேணும். வெறுமையா விட ஏலா."

"பாக்காம எப்பிடிப் போடுற?" என்றார் மிஸ். சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை, அந்த மனிசன் சொல்லித் தருவார் என்பது போலக் கேட்டார். தாய்தான் பேனையை வாங்கி, 'காணாமல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு அடையாளம் போட்டார். மிஸ் மற்றப் பக்கம் திரும்பி நின்றார்.

வெளியே வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி தம்பியைப் பற்றியது இல்லை.

"அக்கா இன்னும் ஆத்தில நிக்கிறாவா?"

"நிக்கிறா மிஸ்."

இரண்டு மாதத்துக்குள் அவர் மெசினோடு வந்து நின்றார். எங்கே கேட்டார், யாரிடம் வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. திட்டம் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது ஆற்றின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே கடிதம்தான். அதை இரண்டு பொலித்தீனில் சுற்றி மடிக்குள் வைத்தேன்.

மூன்று பேரும் போனோம். நான், மனைவி, மிஸ். நாலு நாள். படுவான்கரை ஓரத்துக் கண்ணாக் காட்டை ஒட்டி, ஒரு கீலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கீலமாக, சாப்பிடக்கூட நிற்காமல் இழைத்தோம். மனைவி துணிக்குள் மிஸ்ஸோடுதான் இருந்தாள். முதல் நாள் சீலைத் தலைப்பை மிதித்துக்கொண்டிருந்தேன். பிறகு மறந்துவிட்டேன். பழைய தோணி ஒன்று, தகரங்கள், உழவு மெசினின் டயர், யாருடையதோ ஒரு சைக்கிள். சைக்கிள் வந்தபோது மிஸ்ஸின் கை திரையில் நின்றது. நான் கேட்காமலே இறங்கிப் பார்த்தேன். ஆம்பிளைச் சைக்கிள். மேலே வந்து, "உங்கடது இல்ல மிஸ்," என்றேன். "தெரியும். பாத்ததும் தெரிஞ்சிட்டு," என்றார்.

நாலாம் நாள் பின்னேரம் கடைசிக் கீலம். எஞ்சினை நிற்பாட்டச் சொன்னார். துணியை முழுதாக எடுத்துவிட்டு, சூரியன் எதிரே விழாமல் தன் உடம்பால் மறைத்து, திரையை மனைவியின் மடியில் வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். பச்சையும் நீலமும்தான். வெள்ளை இல்லை.

மனைவி விரலால் அந்த ஓரத்தைத் தலையிலிருந்து கால்வரை தடவினாள்.

"எல்லாம் பாத்தாச்சா மிஸ்?"

"பாத்தாச்சக்கா."

"மெசின் பாத்ததா, நீங்க பாத்தீங்களா?"

"நானும் பாத்தன். நீங்களும்தானே பாத்தீங்க."

"அவள் இல்ல."

"காணல்லக்கா."

மனைவி ஆற்றுத் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "கரைக்கு விடுங்க. ஐயருக்குச் சொல்லணும்," என்றாள். ஐந்து வருசம் அடைத்து வைத்திருந்ததெல்லாம் கரையில் கால் வைத்தபோதுதான் வெளியே வந்தது. அந்தச் சத்தம் கேட்டு ஊர் ஓடி வந்தது. தமக்கை அவளைத் தாங்கி வீட்டுக்குக் கொண்டு போனாள்.

நானும் மிஸ்ஸும் தோணியைக் கட்ட நின்றோம். எனக்கு வாய் சும்மா கிடக்காது. மனதில் ஒன்று விழுந்தால் அது அரித்துக்கொண்டே இருக்கும்.

"மிஸ்... சேத்துக்குள்ள கிடக்கிறது இந்த மெசினுக்குத் தெரியா எண்டு கட்டையனுக்கு ஒருக்காச் சொன்னீங்க."

"ஓம்."

"அஞ்சு வருசச் சேறு மிஸ்."

"அக்கா அதைக் கேக்கல்லண்ண."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு அந்தக் கறுப்புத் துணியை எடுத்துத் தலையோடு போர்த்துக்கொண்டு தோணிக்குள் இருந்துவிட்டார். கணினியை அதற்கு முன்பே மூடிப் பைக்குள் வைத்திருந்தார். நான் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துத் திரும்பவும் கட்டிக்கொண்டு நின்றேன்.

கிரியைக்கு மிஸ் காலை பஸ்ஸிலேயே வந்தார். மகளின் பள்ளிக்கூடப் படத்தை வைத்துத்தான் செய்தோம். வீதியிலிருந்து எங்கள் வளவு வரைக்கும் வெள்ளைக் கொடி கட்ட வேண்டும். பொலித்தீன் வேண்டாம், துணிதான் வேண்டும் என்றாள் மனைவி, அதுவும் சின்னதாக, அவள் சின்னவள்தானே என்றாள். மிஸ் நிலத்தில் குந்தி இருந்து துணியை வெட்டினார். கயிற்றில் ஒவ்வொன்றாகக் கட்டினார். கொடிக்கும் கொடிக்கும் நடுவில் நாலு சாண், ஒவ்வொரு தரமும் கையால் அளந்துதான். கட்டையன் வேலியில் ஏறி நின்றான்.

"மிஸ், கொடிக்கும் அளவா? செத்தவீட்டில ஆர் வந்து பாக்கப் போற?"

"நான் பாப்பன்," என்றார்.

கட்டி முடிந்தபோது கயிறு முடிந்துவிட்டது. மிஸ்ஸின் கையில் ஒரு கொடி மிஞ்சியிருந்தது.

"தாங்க மிஸ், அத இந்த வேலிப் படலையில கட்டி விடுறன்," என்று கட்டையன் கையை நீட்டினான்.

மிஸ் கொடுக்கவில்லை. அந்தத் துண்டை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், விளிம்போடு விளிம்பு பொருந்துகிறதா என்று பார்த்தார். பிறகு பையைத் திறந்து, சைக்கிள் திறப்புக் கிடக்கிற சின்ன அறைக்குள் வைத்து மூடினார். கட்டையன் நீட்டின கையை எடுத்துக்கொண்டான். வாசலில் நின்ற மனைவி இறங்கி வந்து மிஸ்ஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கட தம்பிட பக்கத்த ஆர் மிஸ் பாக்கிற?"

"பாக்க விடுறாங்க இல்லக்கா."

"அப்ப?"

"அது வெள்ளையாவே கிடக்கட்டும்."

அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. தாய் தவறிவிட்டார் என்று ஒருவர் சொன்னார். வெளிநாட்டுக்குப் போய்விட்டார் என்று இன்னொருவர். அந்தத் தம்பிக்குக் கிரியை எல்லாம் செய்து முடித்துவிட்டார்கள் என்றும் ஒரு கதை, இல்லை, ஒவ்வொரு மாதமும் காணாமல் போனவர்களின் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியோரத்தில் இருக்கிற பெண்களோடு அவரைக் கண்டதாகவும் ஒரு கதை. எல்லாம் கேட்டதுதான். கண்டது ஒன்றும் இல்லை.

ஆற்றின் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. மனைவி இப்போது சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அந்தப் படத்துக்குப் பக்கத்தால் போகும்போது மட்டும் அந்தப் படுவான்கரை ஓரத்தைத் தொட்டுவிட்டுப் போவாள். நான் தொடுவதில்லை. சேறு என் மனதில்தான் கிடக்கிறது.

மிஸ்ஸைத் தெரிந்தவர்கள் யாராவது வந்தால் அவரைப் பற்றிப் பேச்சு வரும். கட்டையன் எப்படியும் அந்தக் கொடியைப் பற்றிக் கேட்பான்.

"அதை அந்த மனிசி எங்கயாவது கட்டி இரிப்பாவா மச்சான்?"

"தெரியா," என்பேன்.